குறி தப்புவது எதனால்?

ஊர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடையைக் காணாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். முன்னே ஒரு மேசை. அதன்மேல் தேய்ந்துபோன ஒரு காற்றுத் துப்பாக்கி. காசைக் கொடுத்துவிட்டுச் சிவப்புப் பலூனைக் குறி வைக்கிறோம். பக்கத்திலுள்ள மஞ்சள் பலூன் வெடிக்கிறது! “துப்பாக்கி கோணல்” என்கிறோம் நாம். “தம்பிக்குக் கை நடுங்குது” என்று சிரிக்கிறார் கடைக்காரர். யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியில் நம் ஆய்வகத்துக்கே ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்தத் துப்பாக்கிக்குள் இருப்பவை ஒரு சுருள்வில், ஒரு பிஸ்டன், ஒரு சிலிண்டர், ஒரு குழல், அவ்வளவே. குழலை மடக்கும்போது வில் அமுங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. சிலிண்டரிலுள்ள காற்று நெருக்கப்பட்டு, ஒரு சிறு துளை வழியே பாய்ந்து, ஈய ரவையைக் குழலில் உந்துகிறது.

பார்ப்பதற்கு எளிய பொறிதான். ஆனால் உந்த மாறாக் கொள்கை யாரையும் விடுவதில்லை. பிஸ்டன் முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே நகர்ந்தே ஆக வேண்டும். பிஸ்டனின் நிறை 250 கிராம், துப்பாக்கியின் மொத்த நிறை 3 கிலோ, பிஸ்டன் ஓடும் தூரம் 7.5 செ.மீ. என்று வைத்துக் கணக்கிடுங்கள். துப்பாக்கி சுமார் 6 மி.மீ. பின்வாங்கும். பிஸ்டன் சிலிண்டரின் முனையை எட்டி நின்றதும் துப்பாக்கி முன்னே உதைபடும். வெடிமருந்துத் துப்பாக்கியில் பின்னுதை ஒன்றே. இதிலோ பின்னும் முன்னுமாக இரண்டு! அதுமட்டுமா? ரவை புறப்படுவதற்கு முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் போதும், பத்து மீட்டருக்கு அப்பால் பத்து மில்லிமீட்டர் தவறிவிடும். பத்து மீட்டர் போட்டியின் இலக்கில் முழு மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டமோ வெறும் 0.5 மி.மீ.!

இந்நிலையில் பலர் செய்வது என்ன? இன்னும் வலுவான வில்லைத் தேடுகிறார்கள். விளம்பரங்களும் வேகத்தையே விற்கின்றன. அரை கிராம் ரவை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 7.2 ஜூல். வேகத்தை 240 மீட்டராக்கினால் 14.4 ஜூல், அதாவது இரு மடங்கு. அந்த ஆற்றலை வில்லில்தானே ஏற்ற வேண்டும்? வில் வலுத்தால் உதையும் வலுக்கும், அதிர்வும் வலுக்கும். ஜெர்மனியில் உரிமமின்றி விற்கப்படும் காற்றுத் துப்பாக்கிக்கு 7.5 ஜூல்தான் வரம்பு. உலகின் சிறந்த வில் துப்பாக்கிகளைச் செய்தவர்களும் அந்த நாட்டவரே! வேகம் வேறு, துல்லியம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர்கள் வில்லை வலுவாக்கவில்லை, உதையை வசப்படுத்தினார்கள். ராஸ்டாட் நகரின் டயானா நிறுவனம் தன் போட்டித் துப்பாக்கிகளில் எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு பிஸ்டன்களை வைத்தது. ஒன்றன் உதையை மற்றொன்று விழுங்கியது. ஓபர்ன்டார்ஃப் நகரின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனமோ, குழலும் சிலிண்டரும் கட்டையின்மேல் தண்டவாளத்தில் போலப் பின்னே சறுக்கிச் செல்லும்படி அமைத்தது. சுடுபவரின் தோளுக்கு உதையே எட்டவில்லை. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காற்று ரைபிள் போட்டி இடம்பெற்றது. பின்னர் முன்கூட்டியே அழுத்திய காற்றில் இயங்கும் துப்பாக்கிகள் போட்டிக் களத்தைப் பிடித்துக்கொண்டன. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் களம் கண்டதும் அவ்வகைத் துப்பாக்கிகளோடுதான். அவற்றில் பிஸ்டனின் உதை இல்லை.

ஆனால் சாதாரண வில் துப்பாக்கியையும் சீராக்க வழியுண்டு. முதலில் பார்க்க வேண்டியது வில்லை அன்று. கட்டையைப் பிணைக்கும் திருகுகளை! ஒவ்வொரு உதையிலும் அவை தளர்கின்றன. அடுத்து, வில்லுக்கும் அதன் உள்ளே நிற்கும் வழிகாட்டித் தண்டுக்கும் இடைவெளி மிகுந்தால் வில் அதிரும். பொருத்தமான தண்டும் சிறிது கிரீஸும் அதை அடக்கும். எண்ணெயை அள்ளி ஊற்றுவது அறியாமை. திடீரென நெருக்கப்படும் காற்று சூடேறுவதால், டீசல் எஞ்சினில் போல அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும்; ரவைக்கு ரவை வேகம் மாறும். இன்னொன்று: அமுங்கிய வில்லைத் தக்க கருவியின்றிக் கழற்ற முனைவது கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. ரவையின்றிச் சுடுவதும் பிஸ்டனின் முத்திரைக்குக் கேடு.

எல்லாவற்றுக்கும் மேலானது பிடிக்கும் முறை. இறுகப் பிடித்தால் குறி நிற்கும் என்று நினைக்கிறோம்; உண்மை நேர்மாறானது. கோழிக்குஞ்சை ஏந்துவது போலத் தளர்வாக, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே விதமாக ஏந்த வேண்டும். உதையை யாராலும் தடுக்க முடியாது; அதை ஒரே மாதிரி நிகழவிடலாம்.

இங்கேதான் நம் பாடநூல் பேசுகிறது. பத்து ரவையும் இடப்பக்கம் ஒரே இடத்தில் பாய்ந்தால் அது முறையான பிழை. குறிகாட்டியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். பத்தும் பத்துத் திசையில் சிதறினால் அது ஒழுங்கற்ற பிழை. அதைக் குறிகாட்டி தீர்க்காது. எது என்று அறியப் பத்து முறையாவது சுட வேண்டும். மூன்று ரவை தற்செயலாக ஒரே இடத்தில் விழுவதுண்டு. அந்த மூன்றைக் காட்டிப் பெருமை பேசுபவர், சிதறிய ஏழை மறைத்தவர்!

நண்பர்களே, நாம் மறைத்ததில்லையா? சென்ற ஆண்டு கூட்டு ஊசல் சோதனையில் எனக்கு ‘g’யின் மதிப்பு 9.4 என்று வந்தது. பதிவேட்டில் 9.78 என்று எழுதினேன். சிவப்பு மையில் சரிக்குறி கிடைத்தது. கத்திமுனை சரியாக அமரவில்லையா, நான் அலைவுகளைத் தவறாக எண்ணினேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அந்த 9.4 எனக்கு ஏதோ சொல்ல வந்தது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். வகுப்பில் நான் ஒருவன்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பலூன் கடைத் துப்பாக்கி பொய் சொல்வதில்லை. தவறினால் தவறிய இடத்தில் துளையிட்டுக் காட்டுகிறது. ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: விடை பிசகிய பதிவேட்டுக்கும், பிசகிய காரணத்தை மாணவன் தேடியிருந்தால், மதிப்பெண் தாருங்கள். மாணவ நண்பர்களிடமும் ஒன்று: வந்த அளவை வந்தபடி எழுதுவோம். துளை எங்கே விழுந்தது என்று பார்க்கத் துணியாதவன், குறியை ஒருநாளும் திருத்த முடியாது.

— இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்