நூல்நிலையமும் மார்ச்சுத் திருநாளும்

தேசீயத் திருநாள் என்றவுடன் கொடியும், பீரங்கி முழக்கமும், மந்திரிமார் பிரசங்கமும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. மௌனத்தையே தருமமாகக் கொண்ட நூல்நிலையத்துக்கு அவ்விடத்தில் யாது வேலை என வினவுவோரும் உளர். ஹங்கேரி தேசத்தார் ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் 15-ஆம் தேதியன்று கொண்டாடும் திருநாளின் வரலாற்றை நோக்குவோமாயின், இவ்வினாவுக்கு இடமே இல்லை என்பது விளங்கும். அதனை ஜனங்களறியக் கொண்டாடும் உரிமை, புடாபெஸ்டு நகரிலுள்ள ஸேச்சேனி தேசீய நூல்நிலையத்தைக் காட்டிலும் வேறெவர்க்கும் அதிகமில்லை என்பது எமது துணிபு.

அத்திருநாள் போரில் வென்ற நாளன்று. அரசன் முடிசூடிய நாளுமன்று. இரண்டு தாள்கள் அச்சேறிய நாள். 1848-ஆம் வருஷத்தில் ஹங்கேரி ஹாப்ஸ்பர்க் வமிசத்தாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. தணிக்கை அதிகாரியின் அனுமதியின்றி நூலேதும் வெளிவருதல் கூடாது. அன்று காலையில் பெஸ்டு நகரத்துப் பில்வாக்ஸ் காப்பிக்கடையிற் கூடிய வாலிபர் சிலர், மாணவர் கூட்டத்தையும் உடன் சேர்த்துக்கொண்டு லாண்டரெர், ஹெக்கெனாஸ்டு என்போரின் அச்சுக்கூடத்தை அடைந்தனர். அவர்களுள் முதல்வராய் விளங்கிய கவி பெட்டோஃபிக்கு அப்போது வயது 25. நாவலாசிரியர் யோகாய்க்கு 23. பன்னிரண்டு கோரிக்கைகள் கொண்ட தாளொன்றும், பெட்டோஃபி இயற்றிய தேசீயப் பாடல் அடங்கிய தாளொன்றும் தணிக்கையாளரைக் கேளாமலே அச்சிடப்பட்டன. பன்னிரண்டனுள் முதலாவது யாதெனின், அச்சுச் சுதந்திரம் வேண்டும், தணிக்கை ஒழியவேண்டும் என்பதே. கோரிக்கையைச் சொல்லிய தாளே அதனை நிறைவேற்றிய தாளாகவும் அமைந்த விந்தையை என்னென்பது! மழையில் குடைபிடித்துக் காத்துநின்ற ஜனங்களுக்கு அத்தாள்கள் வழங்கப்பட்டன. பிற்பகலில் தேசீயப் பொருட்காட்சிசாலையின் முன் பெருங்கூட்டம் கூடிற்று. எழுதிய குற்றத்திற்காகப் புடாவில் சிறைப்பட்டிருந்த டான்சிச் என்பார் அன்று மாலையே விடுவிக்கப்பட்டார்.

ஸேச்சேனி பிரபு 1802-இல் தம் புத்தகங்களைத் தேசத்தாருக்கு அளித்து நிறுவிய நூல்நிலையம், பொருட்காட்சிசாலையின் ஓர் அங்கமாகவே நெடுங்காலம் இருந்தது. புடாக் குன்றின்மேலுள்ள அரண்மனைக்கு அது குடிபுகுந்தது 1985-இல்தான். அன்று அச்சான பாடலின் முதற் பிரதியில், இது ஹங்கேரியச் சுதந்திரத்தின் முதல் மூச்சு என்னும் கருத்துப்படப் பெட்டோஃபி தம் கைப்படக் குறித்துவைத்தார். அப்பிரதி இந்நூல்நிலையத்தில் உள்ளது. அடுத்த வருஷமே அவர் போர்க்களத்தில் மறைந்தார். அவருடலும் கிடைத்திலது, தாள் எஞ்சிற்று.

அந்நாளை ஆள்வோர் நடத்திய விதத்தையும் சிறிது காண்போம். 1860-இல் அதனை நினைவுகூரச் சென்ற மாணவர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ, சட்டம் பயின்ற மாணவர் ஒருவர் காயமுற்று மாண்டார். 1898-இல் சட்டமியற்றியோர் மார்ச்சு 15-ஐ விடுத்து, 1848-ஆம் வருஷத்துச் சட்டங்களுக்கு அரசர் இசைவளித்த ஏப்ரல் 11-ஆம் தேதியைத் திருநாளாக்கினர். ஜனங்கள் தாமே எடுத்துக்கொண்ட நாளினும் அரசர் கொடுத்த நாள் அவர்களுக்கு உவப்பாயிற்றுப் போலும்! 1927-இல் மார்ச்சு 15 சட்டப்படி திருநாளாயிற்று. பின்னர்ப் பொதுவுடைமையாளர் ஆட்சியில் அது வேலைநாளாகவே கழிந்தது. 1989-இல்தான் மீண்டும் பொது விடுமுறையாயிற்று. சர்க்கார் விரும்பிய நாளில் விழாவும், விரும்பாத நாளில் தடையும் வந்தன. நூல்நிலையத்திலோ அத்தாள்களை எவரும் திருத்தவில்லை. அதனாலேயே அவ்விழாவில் நூல்நிலையத்தின் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு என்கிறோம்.

ஆயின் அக்குரல் பிரசங்கியாரின் எதிரொலியாகிவிடலாகாது. பொருட்காட்சிசாலைப் படிகளில் நின்று பெட்டோஃபி தம் பாடலை முழங்கினார் என்பது சித்திரங்களிலும் ஜனங்களின் மனத்திலும் ஊன்றிய செய்தி. ஆராய்ந்தோர் அதனை ஒப்புவதில்லை. காப்பிக்கடையிலும் மாணவர் முன்னிலையிலும் அவர் அதனைப் படித்ததுண்டு. அப்படிகளிற் படித்ததற்கு அவருடைய நாட்குறிப்பில் ஆதாரமில்லை. திருநாளன்று இதைச் சொல்லி ஜனங்களின் உற்சாகத்தைக் குலைப்பானேன் என்று நல்லெண்ணமுடையோரே கேட்பர். தணிக்கையை ஒழித்த நாளைப் பொய்யொன்றை மறைத்துவைத்துக் கொண்டாடுவது தகுமோ என்பதே யாம் மறுத்துக் கேட்பது. அன்றியும், பன்னிரண்டாவது கோரிக்கை டிரான்சில்வேனியாவை ஹங்கேரியோடு இணைக்கவேண்டும் என்பது. அங்கு வாழ்ந்த ருமேனியருட் பலர் அதனை எதிர்த்தனர். 1848-இலேயே அவர்களோடும் செர்பியரோடும் இரத்தம் சிந்தும் போர் மூண்டது. சுதந்திரம் கேட்டவரிடமே சுதந்திரம் கேட்டு நின்றோரின் பத்திரங்களும் அதே கண்ணாடிப் பெட்டியில் அடுத்து வைக்கப்படுதல் வேண்டும். இதனைச் செய்ய மந்திரிமாரால் இயலாது, படையணிகளாலும் இயலாது.

பழைய தாள் வெளிச்சத்தில் நெடுநேரம் இருப்பின் கெடும் என்பர், மெய்யே. ஆண்டு முழுவதும் அதனை இருட்டில் வைத்துப் பேணுக. திருநாளன்று மட்டும் சில நாழிகைகளேனும் நகலைக் காட்டாது மூலத்தையே காட்டுக. மூவண்ண நாடாவை நெஞ்சிற் குத்திக்கொண்டு வரும் பள்ளிப்பிள்ளை பன்னிரண்டு வரிகளையும் தானே படிக்கட்டும். பக்கத்திலுள்ள ருமேனிய பத்திரத்தைக் காட்டி இது யாது என்று கேட்கட்டும். அருகில் நிற்கும் நூலகர் விடைகூற ஆயத்தமாயிருப்பாராக.