ஒரு டாலர் வாடகையும் ஓர் ஏலமும்

கேட்பாரற்றுக் கிடக்கும் மனையில் குப்பை அள்ளிச் செடி வைப்பவர்களை எல்லா ஊரும் பாராட்டும். அந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சு பிறகுதான் வரும். பெரும்பாலும் காலம் கடந்து வரும். நியூயார்க்கில் அப்படித்தான் வந்தது. 1970-களில் அந்நகரம் திவாலாகும் நிலையில் இருந்தபோது, உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் குப்பைமேடாயின. 1973-ல் ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் அப்படியொரு மனையைத் துப்புரவாக்கிப் பாத்தி கட்டினார்கள். மறு ஆண்டே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகம் அதைக் கொடுத்தது. 1978-ல் இத்தகைய தோட்டங்களுக்கென ‘கிரீன்தம்ப்’ என்ற நகரத் திட்டமே பிறந்தது. தாராளம்தான். ஆனால் வாடகைதான் குறைந்ததே தவிர, காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

அந்த அதிகாரத்தின் எடை 1999-ல் தெரிந்தது. மேயர் ஜூலியானி 114 தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் இன்னொரு நில அறக்கட்டளையும் சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து மீட்டன. நட்டவர்களுக்காக நட்ட இடத்தையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது! அப்பகுதிகளில் விலை ஏறியதில் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு. தோட்டம் வந்த இடங்களில் சுற்றியுள்ள வீடுகளின் மதிப்பு கூடியதையும், ஏழைப் பகுதிகளில் அது மிக அதிகமாகக் கூடியதையும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். அதாவது தொண்டர்கள் சிந்திய வியர்வை பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தில் வரவாயிற்று. தொண்டர்கள் கையிலோ குத்தகைக் காகிதம்கூட உறுதியாக இல்லை.

ஏழைக்கு வீடு முக்கியமா, தக்காளிச் செடி முக்கியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் வாங்குபவர் ஏழைகளுக்கே வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஏலத்தில் இல்லை. செடி வெறும் அலங்காரமும் அல்ல. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது: குப்பை அகற்றி, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்ந்த மரவேலி போட்டதற்கே ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அதை ஒப்பந்தக்காரரே செய்யலாமே என்பார்கள். செய்யட்டும், ஆனால் நியூயார்க்கில் முதலில் இறங்கியவர்கள் அக்கம்பக்கத்தார்தானே. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து இடம் ஒதுக்கவும் முடியும். தோட்டங்கள் குறித்த வழக்கில் நியூயார்க் 2002-ல் எட்டிய உடன்பாடு பல நூறு தோட்டங்களுக்குப் பாதுகாப்பு தந்தது; சிலவற்றில் வீடு கட்ட அனுமதித்து, பாடுபட்டவர்களுக்கு மாற்று இடம் காட்டச் சொன்னது. வழக்கும் போராட்டமும் முடிந்து எழுதிய அந்த ஷரத்தை, முதல் ஒரு டாலர் குத்தகையிலேயே எழுதியிருக்கலாம்.