எண்ணூர் ஆற்றில் எண்ணெய்: நிவாரணம் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா?



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து சில நாள்கள் சென்றிருந்தன. இராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு வழக்கமாகக் கூடையுடன் வரும் மீன்காரப் பெண்மணி அன்றும் வந்தார். ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. நாங்களும் "இன்று வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். கூடையைத் தலைக்கு ஏற்றியபடி அவர் கேட்டார்: "ஆத்துல எண்ணெய ஊத்துனது நாங்களா பாய்? எங்கள ஏன் தண்டிக்கிறீங்க?"

அவரிடம் இருந்தது காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த ஆழ்கடல் மீன். எண்ணூர் ஆற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நம் சமுதாயம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று சிந்திக்கவே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

கொசஸ்தலை ஆறு பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக வந்து எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில்தான் தெற்கிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இத்தகைய கழிமுகங்களே இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் தொட்டில். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகிய ஊர்களின் அடுப்பு தலைமுறை தலைமுறையாக இந்த நீரை நம்பியே எரிந்தது. படகு வைத்திருப்போர் மட்டுமல்லர். இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து அன்றாடம் விற்போரும் அங்கு உண்டு.

புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ள நீரோடு எண்ணெயும் கால்வாயில் இறங்கியது. திருவொற்றியூரின் மேற்குப் பகுதிகளில் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. முகத்துவாரத்தில் படகு, வலை, அலையாத்தி மரங்கள் அனைத்தின் மீதும் எண்ணெய் படிந்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாக நின்ற படங்களை நாம் அனைவரும் பார்த்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. தங்கள் வளாகக் குழாய்களில் கசிவு ஏதும் இல்லை என்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சிபிசிஎல்) கூறியது. ஆய்வு செய்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, அவ்வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்றும், அங்கிருந்து எண்ணெய் கால்வாய்க்குச் சென்ற தடங்கள் உள்ளன என்றும் தெரிவித்தது.

எண்ணெயை அள்ளியவர்கள் யார்? பெரும்பாலும் அதே மீனவர்கள்தாம். தம் படகுகளில் சென்று, குவளையாலும் வாளியாலும் அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றினார்கள்.

இது முதல் முறையும் அன்று. 2017 ஜனவரி 28 அன்று அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கப்பல் எண்ணெய் கரையெங்கும் பரவியது. அப்போதும் வாளிதான் கருவி. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் வாளியே கருவியாக இருந்ததென்றால், இடைப்பட்ட காலத்தில் எவரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றே பொருள்.

"இறைவனின் நாட்டம்" என்று சொல்லிக் கடக்கலாமா?

நம்மில் சிலர், "மழையும் புயலும் அல்லாஹ்வின் நாட்டம், யாரைக் குறை சொல்வது?" என்கிறார்கள். மழை அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், மழை எண்ணெயைக் கொண்டுவரவில்லை. எண்ணெயைத் தேக்கி வைத்தவர்கள் மனிதர்கள். மழைநீர் போகும் வழியையும் எண்ணெய்க் கழிவு போகும் வழியையும் தனித்தனியே வைக்க வேண்டியவர்களும் மனிதர்களே. புயல் வருகிறது என்று வானிலை ஆய்வு மையம் நாள்கணக்கில் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பிறகு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது (திர்மிதீ) இத்தகைய தருணங்களுக்காகத்தானே! கட்டாத ஒட்டகம் ஓடிய பிறகு விதியைப் பேசுவது தவக்குல் ஆகாது.

நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதக் கரங்கள் சம்பாதித்தவையே காரணம் என்ற கருத்தை அருள்மறை சூரத்துர் ரூமின் 41ஆம் வசனத்தில் எடுத்துரைக்கிறது. அவ்வசனம் கடலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஹலால் மட்டுமா, தய்யிபுமா?

இறால் உண்ணலாமா என்பது குறித்து மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நம் வீட்டு விருந்துகளில் கூடப் பேசுகிறோம். பேசுவதில் தவறில்லை. ஆனால், அந்த இறால் எந்தச் சேற்றில் வளர்ந்தது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் இணைத்தே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாக இருப்பது ஒன்று. தூய்மையானதாக, நலம் தருவதாக இருப்பது மற்றொன்று.

எண்ணெய் நீரில் கலந்தால் நடப்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். இலேசான பகுதி ஆவியாகி மூச்சில் கலக்கிறது. தலைவலியும் கண்ணெரிச்சலும் அதனால் வருபவை. மிதக்கும் பகுதி ஒரு படலமாகி, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் நீருக்குள் செல்வதைத் தடுக்கிறது. கனமான பகுதி சேற்றில் இறங்கிவிடுகிறது. இறாலும் நண்டும் மட்டியும் வாழ்வது அந்தச் சேற்றில்தான். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களையும் அது மூடுகிறது. நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கடல், அதை உள்ளும் வெளியும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே, மேலே மிதப்பதை அள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கணக்கில் எடுப்பதாகும். நைஜீரியாவின் ஒகோனி நிலப்பகுதியை ஆராய்ந்த ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், அங்கு எண்ணெய் மாசு முழுமையாக நீங்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று 2011இல் அறிவித்தது.

நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கும் ஃபிக்ஹு நூல்கள் தண்ணீரைப் பற்றிய பாடத்தில்தான் தொடங்குகின்றன. நிறம், சுவை, மணம் மாறியிருக்கிறதா என்று பார்க்கக் கற்பிக்கின்றன. நாங்கள் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. தண்ணீரை இவ்வளவு உற்று நோக்கப் பழக்கப்பட்ட ஒரு சமுதாயம், பக்கத்து ஊரின் ஆறு மூன்றும் மாறிக் கிடந்தபோது ஏன் உற்று நோக்கவில்லை என்று மட்டுமே கேட்கிறோம். கடலில் பயணம் செய்யும் ஒருவர் வந்து, கடல் நீரில் ஒளூச் செய்யலாமா என்று வினவியபோது, அதன் நீர் தூய்மைப்படுத்தக்கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). தூய்மைப்படுத்தும் தகுதி கொண்டதாக நமக்குத் தரப்பட்ட கடல் அமானிதம் அல்லவா?

நிவாரணமும் ஹக்கும்

தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இடர்வேளையில் கிடைத்த உதவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதங்கள் தொழில் நின்றால் 12,500 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஒரு குடும்பத்துக்கு 140 ரூபாய்கூட ஆகாது. அதில் அரிசி வாங்குவதா, எண்ணெய் படிந்த வலையை மாற்றுவதா, பிள்ளைக்கு மருந்து வாங்குவதா?

நம் மார்க்கத்தில் ஸதகா வேறு, ஹக் வேறு. ஒருவருடைய பொருளை அழித்தவன் அவருக்குத் தானம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. இழப்பை ஈடு செய்தாக வேண்டும், அவரது பொருத்தத்தையும் பெற்றாக வேண்டும். ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமை எவ்வளவு கடுமையானது என்பதை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கடனையும் பங்குப் பிரிவினையையும் பற்றி மட்டும் பேசுவதற்கன்று அந்தப் பாடம். ஆற்றைக் கெடுத்தவர் ஆற்றைத் திருப்பித் தர வேண்டும். அதுவே ஹக்.

கப்பலின் மேல்தளத்தில் நாம்

புகாரீயில் பதிவாகியுள்ள கப்பல் உவமை நாம் அறிந்ததே. கீழ்த்தளத்தார் தண்ணீருக்காகத் தம் பகுதியில் ஓட்டையிட முனைகிறார்கள். மேல்தளத்தார் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவார்கள். வடசென்னையில் நடப்பது இதன் தலைகீழ். மேல்தளத்தின் தேவைக்காகக் கீழ்த்தளத்தில் ஓட்டை இடப்படுகிறது. மின்சாரம் மாநகர் முழுவதற்கும். சாம்பல் எண்ணூர் ஆற்றுக்கு. பெட்ரோலும் எரிவாயுவும் அனைவருக்கும். எண்ணெய்ப் படலம் காட்டுக்குப்பத்துக்கு. எண்ணெய்க் கசிவின் ஈரம் காயும் முன்னரே, அதே டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தனர்.

நாமும் அந்த மேல்தளத்தில் இருப்பவர்களே. நம் வண்டியில் ஓடுவதும் நம் அடுப்பில் எரிவதும் இத்தகைய சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வருபவை. நம் சகோதரர்கள் பலர் மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, வாகன உரிமையாளர்களாக, வணிகர்களாகப் பிழைக்கிறார்கள். எனவே ஆலைகளை இழுத்து மூடு என்று கூவுவது நமக்கு எளிதுமன்று, நேர்மையுமன்று. ஆனால், பயன் பெறுபவருக்குப் பேசும் கடமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வேலை தருகிறது என்பதற்காக ஓர் ஆலை அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்ய உரிமை பெற்றுவிடாது. தீங்கு செய்யாமையை மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம்.

"இது மீனவர் பிரச்சினை, நமக்கென்ன?" என்போருக்கு நாகூரை நினைவூட்டுவோம். 2023 மார்ச் 2 அன்று நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. குழாயையே அகற்றக் கோரி ஊர் மக்கள் போராடினர். அந்த மீனவக் கிராமமும் தர்கா நகரும் ஒரே கடலைத்தான் பார்த்திருக்கின்றன. அண்டை வீட்டார் உரிமைக்கு மதம் கிடையாது என்பதை நாம் பிறருக்குச் சொல்கிறோம்; எண்ணூரில் நாமே அதைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஆலையும் மழைநீர் வடிகாலைக் கழிவுப் பாதையிலிருந்து முற்றாகப் பிரிக்க வேண்டும் என்றும், பருவமழைக்கு முன் அதன் தணிக்கை அறிக்கை தமிழில் வெளியிடப்பட வேண்டும் என்றும் கேட்போம். முகத்துவாரச் சேற்றையும் மீனையும் தனித்து இயங்கும் நிறுவனம் ஆண்டுதோறும் ஆய்வு செய்து முடிவை மக்களிடம் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை இருந்தால் நாமும் வதந்தியை நம்பி மீன்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டியிராது. படகில்லாமல் கையால் இறால் பிடிப்போரின் பெயரும் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். மருத்துவ முகாம் ஒரு வாரத்தோடு முடியாமல், எண்ணெய் அள்ளியவர்களின் உடல்நிலை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்பட வேண்டும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஜமாஅத்துகள் இதற்காகப் பெரிய மாநாடு கூட்ட வேண்டியதில்லை. நம்மிடையே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மனு எழுதித் தரலாம். மருத்துவர்கள் இருக்கிறார்கள்; மாதம் ஒரு நாள் குப்பங்களுக்குச் செல்லலாம். கத்தீப்மார்கள் மழைக்காலத்துக்கு முன் ஒரு குத்பாவை நீருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒதுக்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தார் மனுக் கொடுக்கச் செல்லும்போது நாமும் உடன் நிற்கலாம்.

அந்தப் பெண்மணி அடுத்த வாரமும் வந்தார். நாங்கள் மீன் வாங்கினோம். வாங்கியதால் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக நாங்கள் கருதவில்லை. அவருடைய உறவினர்கள் அள்ளிய எண்ணெய்க்கு யார் பொறுப்பு என்று உரியவர்களிடம் கேட்கும் நாளில்தான் அது பதிலாகும்.

தன் படைப்புகளை நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த வல்ல ரஹ்மான், அதைப் பேணும் அறிவையும், அநீதியைக் கண்டால் வாய் திறக்கும் துணிவையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.