தேநீர் நேரம்: ராஜாவா, ரஹ்மானா?

ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நின்றால் நமக்கு மூன்றே பேச்சுதான்: பாட்டு, படம், அரசியல். அங்கிள்மார் இளையராஜா கட்சி. நாங்கள் ரஹ்மான் கட்சி. தம்பி தங்கைகளோ அனிருத் கட்சி. இந்தத் தேர்தலில் மட்டும் யாரும் டெபாசிட் இழப்பதில்லை!

எங்களைக் கேட்டால், ரஹ்மான் இரட்டை ஆஸ்கர் வாங்கிய மேடையைவிடப் பெரியது நம் பரமட்டா பூங்கா மேடைதான். 2009-இல் மெல்பனிலும் சிட்னியிலும் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஜூன் மாதம், பரமட்டாவை ஒட்டிய ஹாரிஸ் பார்க்கில் மாணவர்கள் இரவில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2010 ஜனவரியில் சிட்னி விழாவுக்காக ரஹ்மான் வந்து, அந்தப் பூங்காவில் பாடினார். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் புல்தரையில் உட்காரலாம். அரசியல்வாதிகளின் அறிக்கைகளைவிட அந்த மாலை நல்ல பதில் என்பது எங்கள் கருத்து.

ஆனால் கச்சேரி ஒரு மாலையோடு முடிந்துவிடும். மறுநாள் இரவு வேலை முடிந்து தனியே ரயில் ஏறும் மாணவனுக்குத் துணை யார்?

நம் சபையிலும் புதிதாக வந்த மாணவர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் தேநீர் குடிக்காமலே போய்விடுகிறார். நாங்கள் விவாதத்தில் மும்முரமாக இருந்து கவனிக்காமல் விட்டோம். வரும் ஞாயிறு உபாகமம் 10:19-ஐ வாசித்துவிட்டு வாருங்கள். முதல் கோப்பை அவருக்கு. அவர் எந்தக் கட்சி என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்!