ஊதினால் மரியாதை, அடித்தால் இழிவா?

போன மாசம் எங்க சேரிக்கு ஒரு பெட்டி வந்தது. தேசியக்கொடி போர்த்திய பெட்டி. பனிச்சரிவில் செத்துப்போன தம்பி, என் பெரியப்பா மகன், அதுக்குள்ளே கிடந்தான். வட ஆர்க்காட்டுப் பக்கம் இது புதுசில்லை, பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பழகிய பூமி. பெட்டி வந்த வழிதான் புதுசு. ராணுவ வண்டி ஊர்த்தெரு வழியாக, கோயில் வாசலைத் தாண்டி வந்தது. உயிரோடு இருந்தவரை அவன் அந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவான்.

குழிமேட்டில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். வானத்தைப் பார்த்து மூன்று சுற்று சுட்டார்கள். அப்புறம் மீசைகூட முளைக்காத ஒரு பையன் பியூகிள் ஊதினான். ஊர்க்காரர்கள் கைகட்டி நின்றார்கள். எங்க சுடுகாட்டில் அவர்கள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். அதில் படித்தவர் ஒருத்தர் என் தோளைத் தொட்டு (ஆமாம், தொட்டு) சொன்னார்: "பாருங்க சார், இதான் மரியாதையான சாவு. நீங்களும் இந்தப் பறமேளத்தையெல்லாம் தலைமுழுகிட்டு இந்த மாதிரி முன்னுக்கு வரணும்."

இவருடைய அப்பா செத்தபோது இரண்டு பகல் ஒரு ராத்திரி பறை அடித்தது யார்? மகன் பெட்டிக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்ற என் பெரியப்பாதான். கூலி ஒரு வேட்டி, கொஞ்சம் அரிசி, ஒரு குவார்ட்டர்.

அந்தப் படித்தவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அங்கேயே சொல்லியிருக்கணும். பேங்க் குமாஸ்தா புத்தி, கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தால்தான் வாய் வருது.

முதலில் இந்தப் பியூகிள் என்ன சாமான்? வளைத்த குழாய். துளை இல்லை, அமுக்குகிற கட்டை இல்லை. உதட்டையும் மூச்சையும் வைத்து நாலைந்து சுரம் எடுக்கலாம், அவ்வளவுதான். ராணுவச் சாவில் ஊதுகிற 'லாஸ்ட் போஸ்ட்' சாவுக்கென்று பிறந்ததும் இல்லை. பிரிட்டிஷ் பட்டாளத்தில் ராத்திரி காவல் நிலைகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது ஒரு ஊதல், கடைசி நிலையைப் பார்த்து முடித்ததும் ஒரு ஊதல். வேலை முடிஞ்சது, போய்ப் படுங்கடா என்று அதுக்கு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டில் அதைக் குழிமேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் போயும் ஊதல் போகவில்லை. அகிம்சை பேசிய காந்திக்கு வருஷாவருஷம் ஜனவரி 30ல் ராஜ்காட்டில் அதைத்தான் ஊதுகிறார்கள். அதை யாரும் அந்நியக் கலாச்சாரம் என்று சொல்வதில்லை, தீட்டு என்றும் சொல்வதில்லை.

பறை என்ன செய்கிறது? ஒருத்தர் செத்துவிட்டார், வாங்க, நில்லுங்க என்று சத்தமாகச் சொல்கிறது. பியூகிள் செய்வதும் அதேதான். அப்படியிருக்க, ஒன்று கௌரவம், இன்னொன்று அசிங்கம் என்று ஆனது எப்படி? மாட்டுத்தோலாலா? அப்படியென்றால் கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்கு எந்தத் தோல் கட்டியிருக்கிறது? சாவு வீட்டில் அடிப்பதாலா? பியூகிள் மட்டும் கல்யாண வீட்டிலா ஊதியது?

வித்தியாசம் வாத்தியத்தில் இல்லை தோழர்களே. பியூகிள் ஊதிய பையனுக்குச் சீருடை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அவன் அப்பன் ஊதியதால் அவன் ஊதவில்லை, அவன் மகன் ஊதியே ஆகணும் என்று விதியும் இல்லை. பெரியப்பாவை அப்படியா கூப்பிட்டார்கள்? சாவு விழுந்தால் அவர் வாசலில் வந்து நின்று, அவர் வயசில் பாதிகூட இல்லாத பையன், "டேய், ஊர்ல சாவு, வாடா" என்பான். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது மறுப்பு இல்லை, கலகம்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ராணுவச் சாவில் ஊதுவது 'டாப்ஸ்'. 1862ல் உள்நாட்டுப் போரின் நடுவே பட்டர்ஃபீல்டு என்ற தளபதியின் முகாமில் உருவானது, விளக்கணைக்கச் சொல்கிற ஊதல். பட்டாளத்தில் வேலை பார்த்தவர் யார் செத்தாலும் குடும்பம் கேட்டால் டாப்ஸ் உண்டு என்று 2000லிருந்து சட்டமே இருக்கிறது. ஊத ஆள் போதவில்லை. என்ன செய்தார்கள்? பியூகிள் வாய்க்குள் ஒரு மின்னணுக் கருவியைச் செருகினார்கள். பட்டனைத் தட்டிவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், பதிவு செய்த டாப்ஸ் கேட்கும். 2003ல் ராணுவத் தலைமையே இதுக்கு ஒப்புதல் கொடுத்தது. கேலிக்கூத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊத ஆள் இல்லை என்பதற்காக யார் குடிசையும் எரியவில்லை.

பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊர். முதல் உலகப் போரில் செத்து, உடம்பு எங்கே புதைந்தது என்றே தெரியாத 54,000க்கு மேற்பட்டவர்கள் பெயரை அங்கே மெனின் வாயிலில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்கள் பெயரும் உண்டு. 1928லிருந்து அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள் தாங்களே விரும்பி அங்கே லாஸ்ட் போஸ்ட் ஊதிவருகிறார்கள். பிறகு தினமும் ராத்திரி எட்டு மணிக்கு என்று ஆனது. ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்திருந்த வருஷங்களில்தான் அங்கே நின்றது.

உடனே வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து என்று கிளம்பாதீர்கள். ஊதல் எல்லாருக்குமா கேட்டது? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அறிக்கை 2021ல் ஒப்புக்கொண்டது: குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் பொறிக்காமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். மூட்டை தூக்கியவனுக்குக் கல்லில் இடமில்லை. அங்கேயும் ஒரு சேரி இருந்திருக்கிறது.

நம்ம கதைக்கு வருவோம். 1818 ஜனவரி 1 கோரேகான் சண்டைக்கு வைத்த தூணில் 22 மகர்களின் பெயர் இருக்கிறது. பெயரை வெட்டிய அதே வெள்ளை ஆட்சி 1890களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. வீரச்சாதி இல்லையாம்! அம்பேத்கர் 1891ல் பிறந்தது மோவ் ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி வீட்டில். தொட்டிலில் அவர் கேட்ட முதல் சத்தங்களில் பியூகிளும் இருந்திருக்கும். மகர் ரெஜிமென்ட் என்று ஒன்று வர 1941 ஆயிற்று, அதுவும் இன்னொரு உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதால். சாகறதுக்கு ஆள் வேணும்னா சாதி கொஞ்சம் தளரும். புதைக்கும்போது திரும்ப இறுகும்.

கொடி போர்த்தினால் சாதி போய்விடும் என்று நம்புகிற நம்ம பசங்களுக்கு ஒரு செய்தி. 2016 ஜூனில் காஷ்மீரில் பாம்போர் தாக்குதலில் எட்டு சி.ஆர்.பி.எஃப். காவலர்கள் செத்தார்கள். அதில் ஒருவர் உத்தரப்பிரதேசம் ஃபிரோசாபாத் மாவட்டத்துக்காரர், ஒடுக்கப்பட்ட சாதி. பொது நிலத்தில் அவரை எரிக்க இடம் தரமுடியாது என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் மறித்தார்கள். அதிகாரிகள் வந்து கெஞ்சிப் பேசித்தான் தகனம் நடந்தது. கொடி இருக்கும்போதே இந்தக் கதி. கொடி இல்லாவிட்டால்? 2019 ஆகஸ்டில் நம்ம வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்கு வழிவிடாததால் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, மறந்துவிட்டதா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பறை ஆதித்தமிழன் இசை, விட்டுவிடாதீர்கள் என்று மேடையில் உருகுவார்கள். ஐயா, அவ்வளவு பற்று இருந்தால் உங்க வீட்டுச் சாவுக்கு நீங்களே அடியுங்களேன். நாங்க வேணும்னா கத்துத் தருகிறோம்.

தம்பி லீவில் வரும்போதெல்லாம் அப்பாவோடு சண்டைதான். "ஊர்ச்சாவுக்குப் போகாதேப்பா, மாசாமாசம் பணம் அனுப்பறேன்ல" என்பான். பெரியப்பா போய்க்கொண்டுதான் இருந்தார். பயம். குத்தகை நிலம் அவர்களுடையது. அன்றைக்கு ராணுவ மரியாதை முடிந்து கொடியை மடித்து பெரியம்மா கையில் கொடுத்தார்கள். சுபேதார் சல்யூட் அடித்து நகர்ந்ததும், பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் பறையை எடுத்துவந்து வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச ஆரம்பித்தார். எங்க இளைஞர்களுக்கே கோபம். அவன் வெறுத்ததை அவன் குழிமேட்டிலேயே அடிப்பதா என்று மறித்தார்கள். பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஊருக்கு அடிக்காதேன்னுதான் சொன்னான். எனக்கு அடிக்காதேன்னு சொல்லலியே."

ஒரு மணி நேரம் அடித்தார். எழுபது வயசில். வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டும் அந்தப் பியூகிள் பையன் ஏறாமல், பியூகிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். தமிழ் தெரியாத பையன்.

பன்னிரண்டாம் நாள் ஊரில் ஒரு கிழவி செத்தாள். ஆள் வந்தது. பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வரமாட்டேன், போய்ச் சொல்லு" என்றார். மறுநாளிலிருந்து ஊர்க்கடையில் எங்களுக்குச் சாமான் கிடையாது, பால் கிடையாது, வேலை கிடையாது. குத்தகை நிலத்தில் வேறு ஆள் ஏர் ஓட்டிவிட்டான். 2015ல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பே குற்றம். புகார் கொடுத்து ஒன்பது நாளாகிறது, இன்னும் வழக்குப் பதியவில்லை. போலீஸ்காரர் கேட்கிறார்: "ராணுவக் குடும்பம்னு ஊரே வந்து மரியாதை செஞ்சாங்களே, அப்புறம் எதுக்கு வம்பு?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாலுகா அலுவலகத்தின் முன் உட்காருகிறோம். மாணவத் தோழர்கள் வரணும். பறை வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், காய்ச்ச வைக்கோல் நாங்கள் கொண்டுவருகிறோம்.