கேட்காமல் கிடைத்த புகழ்

புகழை விரும்பாதவர் யார்? மேடையில் எங்கள் பெயர் வாசிக்கப்பட்டுக் கைதட்டல் எழும்போது மனம் குளிரத்தான் செய்கிறது. ஆனால், கேட்காமலே ஒருவர் தலையில் கட்டிவிடப்பட்ட புகழ் எப்படியிருக்கும்? அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஆங்கிலப் படம், 1998இல் வெளிவந்த 'த ட்ரூமன் ஷோ'. பீட்டர் வியர் இயக்கிய அந்தப் படத்தில் ஜிம் கெரி நாயகனாக நடித்தார்.

ட்ரூமன் உலகப் புகழ் பெற்றவன். அது தெரியாத ஒரே ஆளும் அவன்தான். குழந்தையாக இருந்தபோதே ஒரு நிறுவனம் அவனைத் தத்தெடுத்து, பிரமாண்டமான குவிமாடத்துக்குள் ஓர் ஊரையே அமைத்து வளர்க்கிறது. தாய், மனைவி, உயிர் நண்பன் எல்லோரும் சம்பளத்துக்கு நடிப்பவர்கள். ஒளித்துவைத்த ஆயிரக்கணக்கான கமராக்கள் இரவும் பகலும் அவனைப் படம்பிடித்து ஒளிபரப்புகின்றன. ஆத்திரத்தில் குமுறும் கணவனிடம், மனைவி புன்னகையோடு கொக்கோ பானமொன்றை விளம்பரம் செய்யும் காட்சியில் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

ஆனால், நிகழ்ச்சியை உருவாக்கிய கிறிஸ்டோஃப் என்னைச் சிந்திக்க வைத்தார். அவர் ட்ரூமனை வெறுக்கவில்லை. திரையில் உறங்கும் அவன் முகத்தை வாஞ்சையோடு தடவுகிறார். வெளியுலகைவிடத் தான் அமைத்த உலகமே அவனுக்குப் பாதுகாப்பு என்று நம்புகிறார். அங்கே அன்பு இருந்தது. அனுமதி மட்டும் கேட்கப்படவில்லை.

நானும் அதைத்தான் செய்தேன். முதலாம் தரத்தில் படிக்கும் என் தங்கைக்கு முன்பல் விழுந்தபோது, அவள் அழுததைப் படம்பிடித்துப் பகிர்ந்தேன். சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. மறுநாள் பாடசாலை வேனில் அதைச் சொல்லியே அவளைக் கேலி செய்தார்கள். இப்போது நான் கைத்தொலைபேசியைத் தூக்கினாலே, அவள் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

"எங்கட பிள்ளைதானே, சந்தோஷத்துல போட்டோம்" என்று உம்மாமார், வாப்பாமார் சொல்லலாம். அந்தச் சந்தோஷத்தில் பொய்யில்லை. ஆனாலும், பகிர்ந்த படம் பிறகு எங்கள் கையில் இல்லை. நான் என் பதிவை அழித்துவிட்டேன். பிறர் தொலைபேசிகளில் இருப்பதை எப்படி அழிப்பேன்?

படத்தின் முடிவில் ட்ரூமன் கதவைத் திறந்து வெளியேறுகிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அடுத்த நிமிடமே, காவலாளிகள் இருவர் வேறு சனலில் என்ன போகிறது என்று தேடுகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு நிகழ்ச்சி. ட்ரூமனுக்கோ ஏறக்குறைய முப்பது வருட வாழ்க்கை.

ஆகவே அன்புப் பெற்றோரே, தோழியரே, ஒரு பிள்ளையின் படத்தைப் பகிருமுன் "போடட்டுமா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பழகுவோம். வேண்டாம் என்றால், அந்தச் சிரிப்பும் அழுகையும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.