அறைக்கு வெளியே உட்காருங்கள்

பொழிச்சலூர் சொந்தங்களுக்கு,

லண்டனில் குடியேறிப் பல வருடம் ஆனாலும், ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் வாட்ஸ்ஆப்பில் எனக்கு வந்துவிடுகிறது. சமீபத்தில் தங்கை முறையாகும் ஒருத்தி ரகசியமாகக் கேட்டாள்: "அண்ணா, கவுன்சிலிங் போனா உள்ளே என்னதான் பண்ணுவாங்க? பைத்தியம்னு எழுதிக் கொடுத்துடுவாங்களா?" அவளுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். காரணம், அவள் பயந்தது டாக்டருக்கு இல்லை, நமக்கு.

நானும் போனவன்தான். தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்தபோது இங்கே அரசு மருத்துவச் சேவையில் பெயர் கொடுத்தேன். முதலில் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் வந்தது. மொத்தம் 9 கேள்விகள். போன இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, 'இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு எல்லாம் எத்தனை நாள் தொந்தரவு செய்தன என்று குறிக்க வேண்டும். 27 வரை மதிப்பெண் உண்டு. ஆனால் அது பாஸ், ஃபெயில் பார்க்க இல்லை. பின்னால் தேறியிருக்கிறோமா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். தமிழிலும் இந்தத் தாள் இருக்கிறது.

பிறகு பேச்சு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சினிமாவில் வருவதுபோல் சாய்வு நாற்காலியும் கிடையாது, மயக்கிப் பேச வைப்பதும் கிடையாது. எப்போதிலிருந்து இப்படி? வேலை, படிப்பு, வீடு எப்படி? ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்களா? குடிப்பழக்கம் உண்டா? தற்கொலை எண்ணம் வந்ததா என்றும் நேராகவே கேட்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்லிவிட்டால் பாரம்தான் குறையும். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. அழுகை வந்தால் அழலாம். முடிவில், அடுத்து எப்போது வருவது, எதைச் சரிசெய்யப் பார்ப்பது என்று இருவரும் சேர்ந்து பேசி வைப்பார்கள். மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர் தைராய்டு பரிசோதனைகூட எழுதலாம். அதன் கோளாறும் இதே சோர்வைத் தரும்.

நீங்களும் கேள்வி கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், கட்டணம் எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்? நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். வாசலில் போர்டு இருப்பது மட்டும் போதாது. ஒருவரிடம் மனம் ஒட்டவில்லையா, வேறு ஒருவரைப் பாருங்கள்.

உள்ளே சொன்னது வெளியே போகுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை போன்ற நிலைமைகள்தான் விதிவிலக்கு.

சட்டம் காக்கும் ரகசியத்தை உடைப்பது பெரும்பாலும் நாம்தான். மனநோய் என்றாலே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரித்தே வளர்ந்தோம். பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தைப் பாருங்கள். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. காசநோய் என்றாலே வீட்டுக்குள் மூடி மறைத்த காலம். இன்று ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான், இறங்க யாரும் கூசுவதில்லை. மனநோய்க்கும் அந்த நாள் வரும். சீக்கிரம் வருவது நம் வாயில்தான் இருக்கிறது.

நம் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்று தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சனிக்கிழமை எள் தீபம் போடுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஏழரைச் சனி முடியட்டும் என்று, தூங்காமல் தவிக்கும் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

நேரில் போகத் தயக்கமா? 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகச் சினேகா அமைப்பும், 1984 முதல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக, டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் இயங்குகின்றன.

பெற்றவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டால் கூடப் போங்கள். டாக்டர் அழைத்தால் ஒழிய உள்ளே போகாதீர்கள். வெளியே வந்ததும் "என்ன சொன்னே? எங்களைப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்று குடையாதீர்கள். "சாப்பிடப் போலாமா?" என்று கேளுங்கள், போதும். பக்கத்து வீட்டில் விசாரித்தால் டாக்டரைப் பார்க்கப் போனோம் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. அடுத்த தடவையும் தவறாமல் கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து
உங்கள் ஊர்ப் பிள்ளை